நீடில் மாற்றியும் பெற்றோல் சொட்டுவது நிற்கவில்லை (ஸ்பிளெண்டர் காபரேற்றர்)

புன்னாலைக்கட்டுவன் தோட்டக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா 2006இல் எடுத்த ஹீரோ ஹொண்டா ஸ்பிளெண்டர், இப்போது என் கையில். விடிய நாலரைக்கு வெங்காயமும் கத்தரிக்காயும் கட்டிக்கொண்டு மருதனார்மடம் சந்தைக்குப் போவேன். பத்து மணிக்குத் திரும்பி வந்தால் பின்னேரம் தோட்டத்துக்கு. ஒரு நாளும் என்னை வழியில் விட்டதில்லை.

மூன்று மாதமாக, பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேற்றரின் அடியில் தொங்கும் மெல்லிய குழாயால் பெற்றோல் சொட்டுகிறது. இரவில் ரப்பை (தாங்கியிலிருந்து வரும் பெற்றோலைத் திறந்து மூடும் திருகியை) ஓனில் விட்டு, கீழே சிரட்டை வைத்துப் பார்த்தேன். விடியும்போது அரைச் சிரட்டைக்கு மேல் இருந்தது. ரப்பை ஓஃபில் போட்டாலும் உடனே நிற்பதில்லை. ஐந்து, பத்து நிமிடம் சொட்டிவிட்டுத்தான் நிற்கிறது. அடுத்த நாள் காலையில் ஏழெட்டு உதை உதைத்தால்தான் ஸ்ராட் ஆகும்.

முதலில் காட்டிய கராஜில் நீடில் (உள்ளே பெற்றோல் வரும் வழியை அடைக்கும் ஊசி) தேய்ந்துவிட்டது என்று புதிது போட்டார்கள். அன்றிரவே சொட்டியது. இரண்டாவது இடத்தில் மிதவையின் நாக்கை வளைத்துவிட்டார்கள். சொட்டுவது கொஞ்சம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. அதோடு புது வருத்தம் ஒன்றும் வந்தது: காங்கேசன்துறை வீதியில் இரண்டு மூட்டையோடு வேகம் எடுத்தால் எஞ்சின் விக்குகிறது. இப்போது முழுக் காபரேற்றரையும் மாற்றச் சொல்கிறார்கள். கடையில் கிடைப்பது ஒறிஜினலா, கொப்பியா என்று எனக்குப் பார்க்கத் தெரியாது. புது மோட்டார் சைக்கிள் என்ற கதைக்கே இடமில்லை. 2020இல் நிறுத்திய இறக்குமதியை 2025இல் திறந்தாலும் விலை எங்களுக்கு எட்டாது.

பயம் என்னவென்றால், மோட்டார் சைக்கிள் நிற்கும் பத்திக்கும் அம்மாவின் குசினிக்கும் இடையில் இருப்பது ஒரு கிடுகுத் தட்டி மட்டும். அம்மா விறகடுப்பில்தான் சமைப்பா. ஒரு கிழமையாக முற்றத்தில் மாமரத்தின் கீழ் விடுகிறேன். மாரி தொடங்கினால் அதுவும் சரிவராது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கோ.

தென்மராட்சி 150:

அண்ணை, எந்த ஸ்ராண்டில் விடுகிறீர்கள்? என் பல்சர் 150 சைட் ஸ்ராண்டில் நின்றால் சொட்டும், நடு ஸ்ராண்டில் நின்றால் சொட்டாது. காபரேற்றரின் அடிக் கிண்ணத்துக்குள் பெற்றோல் மட்டம் கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கிறது. சரிந்து நிற்கும்போது வழிந்துவிடும். மட்டத்தைச் சரி செய்ததோடு நின்றது. முதலில் அதைப் பாருங்கள், காசு செலவில்லாத வேலை.

புன்னாலைக்கட்டுவன் தோட்டக்காரன்:

நன்றி தம்பி. நான் எப்போதும் நடு ஸ்ராண்டில்தான் விடுவேன். முற்றமும் சமதரை.

நெல்லியடிக் கராஜ்:

தம்பி, குசினிப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டது நல்ல வேலை. திருத்தி முடியும் வரை திரும்பக் கொண்டுபோக வேண்டாம். பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரம் கூடியது. மேலே எழும்பிப் போகாது, நிலத்தோடு ஊர்ந்து போகும். கிடுகுத் தட்டியின் அடி இடைவெளி அதற்குப் போதும். பெற்றோல் மணக்கவில்லை என்று நிற்பவருக்குத் தெரியாமலே கால் மட்டத்தில் ஆவி இருக்கலாம்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் நெல்லியடியில் கராஜ் வைத்திருந்தேன். கண் பார்வை குறைந்ததால் இப்போது வேலை செய்வதில்லை. ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு வரியைப் படித்தவுடன் அந்தக் கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. ரப்பை மூடிய பிறகும் ஐந்து, பத்து நிமிடம் சொட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. அதை இரண்டு கராஜிலும் யாரும் உங்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஏன் என்று சொல்கிறேன். கிண்ணத்துக்குள் மிதவை பெற்றோலில் மிதக்கிறது. மட்டம் ஏற ஏற அது மேலே வந்து, தன் நாக்கால் நீடிலைத் தள்ளி வழியை அடைக்கும். நீடில் பிடிக்காவிட்டால் மட்டம் ஏறிக்கொண்டே போகும். அப்படி ஏறுவது எஞ்சினுக்குள் போய்விடாமல் இருக்கத்தான் கிண்ணத்துக்குள் ஒரு மெல்லிய பித்தளைக் குழாய் நிமிர்ந்து நிற்கிறது. மட்டம் அதன் வாய்க்கு மேல் போனால் அதற்குள்ளால் இறங்கி, நீங்கள் சொல்லும் அந்த அடிக்குழாயால் வெளியே வரும். அதனால்தான் அடிக்குழாயில் பெற்றோலைக் கண்டவுடன் எல்லோரும் நீடிலைப் பிடிக்கிறார்கள். பத்துக்கு எட்டுத் தடவை அது சரியாகவும் இருக்கும்.

ஆனால் நீடில் பிழை என்றால், ரப்பை மூடியதும் வரத்து நின்றுவிடும். பித்தளைக் குழாயின் வாய்க்கு மேலே நிற்பது இரண்டு, மூன்று சொட்டு. அது வழிந்ததும் நிற்க வேண்டும். உங்களுடையது பத்து நிமிடம் சொட்டுகிறது. விடிய ஏழெட்டு உதை வேண்டியிருக்கிறது. அதாவது வாய்க்கு எவ்வளவோ கீழே, கிண்ணத்தின் பெற்றோலே குறைந்து போகிறது. அப்படிப் போகப் பெரும்பாலும் இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, அடியில் இருக்கும் வடி ஸ்குறூ சரியாக இறுகாமல் இருப்பது. மற்றது, நிமிர்ந்து நிற்கும் பித்தளைக் குழாயில் வெடிப்பு. நாக்கை வளைத்தபோது மட்டம் கீழே இறங்கியது, வெடிப்புக்கு மேல் நிற்கும் பெற்றோல் குறைந்தது, அதனால் சொட்டும் குறைந்தது. அதே காரணத்தால்தான் பாரத்தோடு வேகம் எடுக்கும்போது கிண்ணத்தில் பெற்றோல் போதாமல் விக்குகிறது. இரண்டு வருத்தமும் ஒரே இடத்தில் சேருகின்றன.

இதைப் பார்க்கப் பெரிய சாமான் எதுவும் தேவையில்லை. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். திறந்த வெளியில், பகலில் செய்யுங்கள். பக்கத்தில் யாரும் சிகரெட் பற்ற வேண்டாம். ரப்பை மூடி, வடி ஸ்குறூவைத் திறந்து கிண்ணத்தை வெறுமையாக்கி, பிறகு கழற்றுங்கள். ஸ்குறூத் தலைகள் மென்மையானவை. தலைக்குப் பொருந்தாத டிரைவரை வைத்துத் திருகித் தலையை வழித்துவிட்டால் அது பெரிய வேலையாகிவிடும்.

கழற்றிய கிண்ணத்தை வடி ஸ்குறூ இறுக்கியபடி இரண்டு மரத்துண்டுகளின் மேல் நேராக வையுங்கள். அடியில் ஒரு கடதாசி. பித்தளைக் குழாயின் வாய்க்குச் சற்றுக் கீழ் வரை பெற்றோல் விடுங்கள். இப்போது நீடிலும் இல்லை, மிதவையும் இல்லை. கடதாசி நனைந்தால் பிழை கிண்ணத்தில்தான். அப்படியே விட்டுப் பாருங்கள். அடி வரை வற்றினால் பெரும்பாலும் வடி ஸ்குறூ. ஒரு உயரத்தில் வந்து நின்றுவிட்டால், அந்த உயரம்தான் வெடிப்பின் கீழ்நுனி. இன்னும் சந்தேகம் என்றால் பெற்றோலை வெளியே ஊற்றிவிட்டு, கிண்ணத்தை நன்றாகக் காயவிட்டு, அடிக்குழாயில் ஒரு சின்ன ரியூப் மாட்டுங்கள். தண்ணீருக்குள் அமிழ்த்தி, பித்தளைக் குழாயின் வாயை விரலால் பொத்திக்கொண்டு ஊதுங்கள். சைக்கிள் ரியூபில் ஒட்டுப் பார்ப்பது போலத்தான். குமிழி வரும் இடத்தைக் கண்ணால் காணலாம்.

இந்தப் பழக்கம் எனக்கு 1990களில் வந்தது. போரால் பெற்றோல் வராத காலத்தில் ஹொண்டா சீடி 200 மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தோம். சில துளி பெற்றோல் காட்டினால்தான் எஞ்சின் பிடிக்கும். சூடேறிய பிறகு மண்ணெண்ணெயை இழுத்துக்கொண்டு புகை கக்கியபடி ஓடும். அந்தச் சில துளியைக் குப்பியில் அடைத்து மடியில் வைத்துத் திரிந்தார்கள். பெற்றோல் கசிந்தால் காய்ந்துவிடும், இடத்தைப் பிடிப்பது கஷ்டம். மண்ணெண்ணெய் லேசில் காயாது. கசிந்த வழியெல்லாம் புழுதி ஒட்டிக் கறுத்து, கோடு கீறியது போல் காட்டிக்கொடுக்கும். பிறகு பெற்றோல் திரும்ப வந்தபோது அந்தக் கோடு எனக்கு இல்லாமல் போய்விட்டது. அதற்குப் பதிலாகக் காபரேற்றரைக் கழுவித் துடைத்து, மேலே குழந்தைப் பவுடர் மெல்லியதாகத் தூவிவிட்டு ரப்பைத் திறப்பேன். பெற்றோல் நடந்த இடம் ஈரமாகத் தெரியும். கிண்ணம் பொருந்தும் கஸ்கற் கசிகிறதா, ரப் கசிகிறதா, ஹோஸ் வெடித்திருக்கிறதா என்று இரண்டு நிமிடத்தில் பிரித்துவிடலாம். மேலே ரப்பில் கசிவது ஹோஸ் வழியே வழிந்து காபரேற்றரில் சொட்டும். அதைப் பார்த்துவிட்டுக் காபரேற்றரைப் பிரித்தவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஆனைக்கோட்டை டியோ:

ஐயா, இடையில் கேட்பதற்கு மன்னிக்க வேண்டும். என்னுடையது காபரேற்றர் உள்ள பழைய டியோ ஸ்கூட்டர். வெளியே ஒரு சொட்டும் இல்லை, ஆனால் பெற்றோல் மணம் வருகிறது. ஒயில் பார்க்கும் கம்பியை எடுத்தால் அளவுக்கு மேலே நிற்கிறது. நான் ஒயில் விடவே இல்லை. இதுவும் இதே பிழையா?

நெல்லியடிக் கராஜ்:

பிள்ளை, முதலில் அதை ஸ்ராட் பண்ண வேண்டாம். ஒயிலுக்குள் பெற்றோல் இறங்கியிருக்கிறது. அந்த ஒயில் தண்ணீர் மாதிரி இருக்கும், உள்ளே ஒன்றையும் காப்பாற்றாது. கம்பியை மணந்து பாருங்கள்.

டியோவில் கையால் திருப்பும் ரப் இல்லை. எஞ்சின் இழுக்கும் காற்றால் தானே திறந்து, எஞ்சின் நின்றதும் தானே மூடும் ரப் இருக்கிறது. அதற்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் தோல் ஓட்டையானால், அதைத் திறக்கும் மெல்லிய ஹோஸ் வழியாகவே பெற்றோல் எஞ்சினுக்குள் இழுபட்டுப் போகும். அந்த ஹோஸைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குள் பெற்றோல் ஈரம் இருக்கவே கூடாது. இருந்தால் ரப்பை மாற்ற வேண்டும். இல்லையென்றால் காபரேற்றரின் நீடிலைப் பார்க்க வேண்டும். எதுவானாலும் ஒயிலை முழுதாக வடித்துவிட்டுப் புதிது விட்ட பிறகுதான் ஓட வேண்டும். ஓடிக்கொண்டு போய்க் கராஜில் காட்ட வேண்டாம், தள்ளிக்கொண்டு போங்கள், அல்லது ஆட்டோவில் ஏற்றுங்கள்.

தென்மராட்சி 150:

அண்ணை, பித்தளைக் குழாய் வெடிப்பென்றால் இரண்டு ரியூபைக் கலந்து பூசும் பசை போட்டால் காணாதா? என் சிநேகிதன் அப்படித்தான் செய்தான்.

நெல்லியடிக் கராஜ்:

நானும் செய்திருக்கிறேன் தம்பி. அவசரத்துக்கு ஒரு கிழமை, ஒரு மாதம் நிற்கும். சாதாரணப் பசை பெற்றோலில் ஊறி ஊறி இளகிவிடும். இளகி விழும் துண்டு நேரே ஜெட் வாயில், எஞ்சினுக்குப் பெற்றோல் போகும் அந்தச் சின்னத் துவாரத்தில், போய் நிற்கும். சொட்டு நின்றதென்று நினைத்தவர் நடு வழியில் நிற்பார். ஈயம் பிடிப்பதுதான் நிலைக்கும். நெருப்புச் சுவாலை காட்டக் கூடாது, கிண்ணம் வார்ப்பு உலோகம், சட்டென்று உருகிவிடும். மின்சாரச் சூட்டுக்கோலால், பெற்றோல் முழுதாகப் போய்க் காய்ந்த பிறகு. அந்த வேலை மோட்டார் சைக்கிள் கராஜ்காரரை விட ரேடியோ திருத்துபவர்களுக்கு நன்றாக வரும்.

புன்னாலைக்கட்டுவன் தோட்டக்காரன்:

ஐயா, ஞாயிறு காலை பார்த்தேன். சந்தைக்குப் போகாத நாள் என்பதால் ஆறுதலாகச் செய்ய முடிந்தது.

கிணற்றுக்கட்டில் இரண்டு பலகைத் துண்டுகளை வைத்து, நீங்கள் சொன்னபடி கிண்ணத்தை நேராக இருத்திப் பெற்றோல் விட்டேன். ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. எனக்கு மனம் விட்டுப்போனது. பிறகு அடிக்குழாயின் நுனியில் ஒரு மணி திரண்டு, திரண்டு, விழுந்தது. அடுத்தது விழ நான் பன்னிரண்டு எண்ணினேன். அப்படியே நெடுநேரம் விழுந்துகொண்டிருந்தது. கடைசியில் நின்றபோது, கிண்ணத்தில் பாதிக்குச் சற்று மேலே பெற்றோல் அப்படியே இருந்தது.

காயவிட்டுத் தண்ணீருக்குள் ஊதினேன். ஊசி முனை அளவு குமிழிகள், பித்தளைக் குழாயின் ஒரு பக்கத்தால் வரிசையாக வந்தன. வெளியே எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. மகளின் பூதக்கண்ணாடியை வாங்கி, குழாயின் வாயை நகத்தால் மெல்ல அழுத்தினேன். அப்போதுதான் தலைமயிர் அளவு ஒரு கோடு, வாயிலிருந்து கீழே நெல்மணி நீளத்துக்கு, திறந்து மூடியது. அதன் அடியில் பச்சை பிடித்திருந்தது.

2022இல், பெற்றோல் தட்டுப்பாட்டில், கியூஆர் அட்டைக்கு வாரத்துக்கு 4 லீற்றர் தந்த காலத்தில், அந்தப் பெற்றோல் முழுவதையும் தண்ணீர் இறைக்கும் மிசினுக்கு விட்டுவிட்டு, ஸ்பிளெண்டரை இரண்டு மாதம் அசையாமல் நிறுத்தியிருந்தேன். கிண்ணத்தை வடிக்கவில்லை. அதனால் வந்திருக்குமா?

சுன்னாகத்தில் ரேடியோ, ரீவி திருத்தும் அண்ணை ஒருவரிடம் கொண்டுபோனேன். மெல்லிய அரத்தாளால் தேய்த்துப் பித்தளை மினுங்கும் வரை சுத்தம் செய்து, ஈயம் பிடித்துத் தந்தார். குழாயின் துவாரம் அடைபடாமல் ஒரு கம்பியை உள்ளே விட்டுக்கொண்டுதான் பிடித்தார். காசு வேண்டாம் என்றார். அடுத்த நாள் ஒரு கட்டு வெங்காயம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இனி மிதவை நாக்கை எவ்வளவு திருப்பி வளைக்க வேண்டும்? அது மட்டும்தான் மிச்சம்.

நெல்லியடிக் கராஜ்:

நல்ல கண் தம்பி. அந்தக் கோட்டைக் காணாமல் எத்தனை கிண்ணங்கள் குப்பைக்குப் போயிருக்கும்.

பச்சை இருந்ததென்றால் தண்ணீர் நின்றிருக்கிறது. பெற்றோலில் கலந்த தண்ணீர் அடியில் தங்கிவிடும். நீண்ட நாள் நிறுத்துவதென்றால் வடி ஸ்குறூவைத் திறந்து வெறுமையாக்கிவிட்டு நிறுத்துங்கள். பழைய வெடிப்பாகவும் இருக்கலாம், யாராவது குறட்டால் பிடித்திருக்கவும் கூடும். அது இனி முக்கியமில்லை.

நாக்கு விஷயம். காபரேற்றரைத் தலைகீழாகப் பிடித்து, பிறகு மெல்லச் சரியுங்கள். நாக்கு நீடிலைத் தொட வேண்டும், ஆனால் நீடிலின் பின்னால் இருக்கும் சின்ன ஸ்பிறிங் ஊசி அமுங்கக் கூடாது. அந்த நிலையில் மிதவையின் கோடு, கிண்ணம் பொருந்தும் முகத்துக்குச் சமாந்தரமாக நின்றால் பெரும்பாலும் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். மிதவையைப் பிடித்து அமத்தி வளைக்க வேண்டாம், நாக்கை மட்டும், மயிரளவு மயிரளவாக. புது நீடிலைக் கழற்ற வேண்டாம், இருக்கட்டும்.

பூட்டிய பிறகு கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அடிக்குழாயில் கண்ணாடி போல் தெரியும் ரியூப் ஒன்றை மாட்டி, காபரேற்றரின் பக்கமாக மேலே தூக்கிப் பிடியுங்கள். நடு ஸ்ராண்டில் நிற்க வேண்டும். ரப்பைத் திறந்து, வடி ஸ்குறூவை ஒரு சுற்றுத் தளர்த்துங்கள். ரியூபில் ஏறி நிற்கும் மட்டம்தான் உள்ளே இருக்கும் மட்டம். கிண்ணம் பொருந்தும் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றால் போதும். கோட்டுக்கு மேலே ஏறினால் மட்டம் கூடிவிட்டது. மிகக் கீழே நின்றால் பாரத்தில் விக்கும்.

புன்னாலைக்கட்டுவன் தோட்டக்காரன்:

சேலைன் ரியூப் ஒன்று கிடைத்தது. முதல் தடவை மட்டம் கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது, விக்கியதற்குக் காரணம் தெரிந்தது. மூன்றாம் தடவை வளைத்தபோது கோட்டுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. இன்று விடிய மூன்று மூட்டையோடு போனேன், சுன்னாகம் தாண்டும் வரை ஒரு இடத்தில் கூட விக்கவில்லை. இரண்டாவது உதையில் ஸ்ராட்.

நாலு இரவாகக் கீழே கடதாசி விரித்து, ரப்பை வேண்டுமென்றே ஓனில் விட்டுப் பார்த்தேன். கடதாசி காய்ந்தபடி இருக்கிறது. இன்றிலிருந்து இரவில் ஓஃபில் போடுவேன். பத்திக்குள் கொண்டுவருவதற்கு இன்னும் ஒரு கிழமை பொறுக்கிறேன். பெற்றோல் பிடித்த சிரட்டையை வேலிக்கு அப்பால் வெயிலில் வைத்திருக்கிறேன், அடுப்புக்கு எடுத்துவிட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியாயிற்று.

ஆனைக்கோட்டை டியோ:

ஐயா, அந்த மெல்லிய ஹோஸுக்குள் ஈரம் இருந்தது. ரப் மாற்றி, ஒயிலும் மாற்றியாயிற்று. வடித்த ஒயில் தேநீர் மாதிரி ஓடியது.